இடது பக்கம் ஒட்டினவன்

இல்ல சார், தெரியாமத்தான் கேக்கறேன். வந்ததுலேர்ந்து வலது பக்கம் யாரு ஒட்டினது, வலது பக்கம் யாரு ஒட்டினதுன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. இடது பக்கத்துக்கு என்ன கேடு? அதையும் ஒரு மனுஷன்தானே ஒட்டினான்.

சரி, முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுல பழைய பசை இருக்கும், நீங்க எழுந்தாலும் பேன்ட் எழாது. இந்த டயர் மேல உக்காருங்க. சுத்தமாத்தான் இருக்கு. காலையில ஒரு டிரைவர் இது மேல உக்காந்துதான் என்னைத் திட்டிட்டுப் போனான். எதுக்குன்னு கேக்காதீங்க, அவனும் இடது பக்கத்தைப் பத்தித்தான் பேசினான்.

அந்தப் போனை இப்படிக் கொடுங்க. இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். ம், உங்க கம்பெனி பச்சை ட்ரெய்லர்தான். நம்ம ஷெட்டுலதான் இந்த மின்னற டேப் ஒட்டினது, இல்லேன்னு சொல்லலை. இது இடது பக்கமா? ஆமா, முனையெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நடுவுல ஒரு முழத்துக்கு டேப்பையே காணோம். அடுத்தது வலது பக்கம். இது நேத்து ஒட்டின மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே வண்டிதானா? நல்லாப் பார்த்து எடுத்தீங்களா? சரி சரி, நம்பர் தெரியுது. சும்மா கேட்டேன்.

நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. உங்க யார்டுல நிக்கற அத்தனை ட்ரெய்லருக்கும் பழைய டேப்பை உரிச்சுட்டுப் புதுசா ஒட்டணும். அதுக்குன்னே ஒரு ஆளை நிரந்தரமா எடுக்கப் போறீங்க. மாசச் சம்பளம், யூனிஃபார்ம், கூடமாட வேலை செய்ய ரெண்டு பேரு. அந்த ஆளு இந்த வலது பக்கத்தை ஒட்டின ஆளா இருக்கணும். இடது பக்கத்தை ஒட்டினவன் வேண்டாம். அதை நீங்க வாயைத் திறந்து சொல்லலை, மரியாதை தெரிஞ்சவரு. ஆனா இடது பக்கத்துப் போட்டோவை ரெண்டு விரலால பெருசாக்கிக் காட்டினீங்க பாருங்க, அதுலயே சொல்லிட்டீங்க.

இடது பக்கம் நான் ஒட்டினது சார்.

பரவாயில்லை, உக்காருங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியுமா என்ன. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்த ரோட்டுல டேப் வேலையைக் கொண்டுவந்ததே நான்தான். அதுக்கு முன்னாடி வண்டிக்கு நம்பர் எழுதி, கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். அதனால என் பேரே ஸ்டிக்கர்னு ஆயிடுச்சு. ஒளி பட்டா மின்னற டேப் இல்லாத பெரிய வண்டி இன்ஸ்பெக்ஷன்ல பாஸ் ஆகாதுன்னு சட்டம் வந்தப்ப, டிரைவருங்க எல்லாம் திருதிருன்னு முழிச்சாங்க. முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு. பின்பக்கம் மட்டும் நாலு ஓரமும் சேர்த்து போட்டோவுக்குச் சட்டம் போடற மாதிரி ஒட்டணும். டேப் மேல ஒரு முத்திரை அச்சு இருக்கும், அதை வெட்டிடக் கூடாது. இத்தனையும் அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா? இந்த ஸ்டிக்கர்தான். ஒருத்தன் சிவப்பைக் கொண்டுபோய் முன்னாடி ஒட்டிட்டு பெருமையா வந்து நின்னான். டேய், எதிர்ல வர்றவன் உன் மூஞ்சியை முதுகுன்னு நினைச்சுக்குவான்டா, உரிச்சுப் போடுன்னு நானே உரிச்சேன். அப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட வந்து நீங்க வலது பக்கம் யாருன்னு கேக்கறீங்க.

காரணம் இல்லாம இல்ல சார். முதல்ல வெயிலைச் சொல்லணும். நம்ம ஷெட்டுல வண்டி எப்பவும் ஒரே திசையிலதான் வந்து நிக்கும். வலது பக்கத்துல வெயில் அடிக்கும், இடது பக்கம் நிழல். தகரம் சூடா இருந்தா பசை கப்புன்னு பிடிச்சுக்கும். நிழல்ல கிடக்கற தகரம் அப்படிப் பிடிக்காது. நிழல் பக்கத்தை எடுத்துக்கிட்டது நான்தான், அது வேற விஷயம். அப்புறம், இடது பக்கம் ரோட்டோரப் பக்கம். மரக்கிளை உரசும், சேறு அடிக்கும், சுவத்துல தேய்க்காம நம்ம டிரைவருக்கு வண்டி ஓட்டவே வராது. இதெல்லாம் கணக்குல எடுத்துக்கணும்ல.

தலையை ஆட்டறீங்க, நம்பலைன்னு தெரியுது. நானும் நம்பலை சார். அதனால ஒரு வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். டிரைவர் எதுக்குண்ணே, எதுக்குண்ணேன்னு உயிரை எடுத்தான். வாஸ்து பார்க்கறேன்டான்னு சொல்லிட்டேன். இடது பக்கத்துல நல்ல வெயில். தலை சுத்தற அளவுக்கு வெயில்ல நின்னு ஒட்டினேன். வலது பக்கத்துக்கு நிழல். மறுபடி அந்த வண்டி வந்தப்ப ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் உரிஞ்சிருந்துச்சு. நிழல்ல ஒட்டின வலது பக்கம் அப்படியே இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல அந்த டிரைவரைத்தான் திட்டினேன், வேற யாரைத் திட்டறது.

வலது பக்கம் ஒட்டினது யாரா? கொஞ்சம் குனிஞ்சு ட்ரெய்லருக்குக் கீழ பாருங்க. அந்தப் பக்கம் ரெண்டு காலு தெரியுதா, நீலச் செருப்பு? அதுதான் உங்க வலது பக்கம். என் பொண்டாட்டி.

அவசரப்படாதீங்க, உக்காருங்க. இப்பக் கூப்பிட்டாலும் காதுல விழாது, கம்ப்ரெஸர் ஓடுது. காத்தை வெச்சுத் தூசி ஊதிக்கிட்டு இருக்கா. நான் துணியால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ஒட்ட ஆரம்பிச்சுடுவேன். அவ தின்னர் போட்டுத் துடைப்பா, காய விடுவா, ஊதுவா, மறுபடி துடைப்பா, விரலால தடவி விரலைப் பார்ப்பா. எங்க வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. அது முடியற வரைக்கும் நாம பேசிக்கிட்டு இருக்கலாம்.

அவ இந்த வேலைக்குன்னு வந்தவ இல்ல சார். எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு, கையை மேல தூக்க முடியலை. சாப்பாடு கொண்டுவந்தவ, டேப்போட அந்த முனையைப் பிடிச்சுக்கோன்னேன். பிடிச்சா. மறுநாளும் பிடிச்சா. அப்புறம் நீ அந்தப் பக்கம் ஒட்டு, நான் இந்தப் பக்கம் ஒட்டறேன், சீக்கிரம் முடியும்னு நானேதான் சொன்னேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. வெயில் பக்கத்தை அவ தலையில கட்டிட்டு, நாம புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆரம்பத்துல டிரைவருங்க சிரிச்சாங்க. என்ன ஸ்டிக்கர், வீட்டம்மாவை இறக்கிட்டியா, வீட்டுல சமையல் நீயான்னு கிண்டல் பண்ணினாங்க. எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் வண்டிங்க திரும்ப வர ஆரம்பிச்சுது. வந்தவன் எல்லாம் இடது பக்கத்தைக் காட்டி என்னைத் திட்டுவான், வலது பக்கத்தைக் காட்டி அக்கா கை வெச்சா கை வெச்சதுதான்னு சொல்லுவான். ரெண்டும் ஒரே மூச்சுல. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுச் சொன்னாலாவது ரெண்டும் வேற வேற விஷயம்னு நினைச்சுக்கலாம்.

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் வந்து ஷெட்டைத் திறந்தேன். வெளியில வண்டிங்க வரிசையா நிக்குது. ஒருத்தன் இறங்கி வந்தான். அக்கா வரலியான்னான். உடம்பு சரியில்லைன்னேன். அச்சச்சோன்னுட்டு, சரி, அக்காவுக்குக் குணமானதும் வரேன், அவசரம் இல்லைன்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனான். நான் கையில ரோலோட நின்னுக்கிட்டு இருக்கேன் சார். அவனுக்குப் பின்னால நின்னவனும் திருப்பினான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, வேலை எப்படிப் போச்சுன்னு போர்வைக்குள்ளேர்ந்து கேக்கறா. ஏகப்பட்ட வேலை, உக்காரவே நேரம் இல்லைன்னு சொன்னேன்.

இன்ஸ்பெக்ஷன்ல ஒரு ஆபீசர் இருக்கார், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், சிரிச்சா வேலை போயிடும்ங்கற மாதிரி முகத்தை வெச்சிருப்பார். வண்டியைச் சுத்தி வருவார். நான் ஒட்டின பக்கத்துல நகத்தை வெச்சு முனையைக் கிளப்பிப் பார்ப்பார். வலது பக்கத்துக்கு வந்தா உள்ளங்கையால தடவுவார், கன்னுக்குட்டியைத் தடவற மாதிரி. தடவிட்டு, வீட்டுல அம்மா சௌக்கியமான்னு என்கிட்ட கேப்பார். நான் எதிர்லதான் நிக்கறேன். நீ சௌக்கியமான்னு இன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷன் கேட்டது கிடையாது.

என் பொண்ணு இருக்கா, ஸ்கூல் படிக்கறா. புது நோட்டுக்கு அட்டை போடணும்னா யார்கிட்ட போகணும்? அப்பா ஸ்டிக்கர் வேலை பார்க்கறவன், நேரா என்கிட்டதானே வரணும். அம்மாகிட்ட கொண்டுபோய் நீட்டுது. ஏம்மா, நான் போட்டுத்தரேனேன்னேன். வேணாம்ப்பா, நீ போட்டா ஓரம் தூக்கிக்கும்ங்குது. சோத்தைத் தின்னுக்கிட்டே சொல்லுது சார், நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

இப்ப யாரும் என்னை ஸ்டிக்கர்னு கூப்பிடறது இல்ல. அக்கா வீட்டுக்காரர். டீக்கடையில அக்கா வீட்டுக்காரர், டயர்க்கடையில அக்கா வீட்டுக்காரர். நான் பேர் வாங்கின ரோட்டுல எனக்குப் பேரே இல்லாம போயிடுச்சு.

பொறாமையான்னு நேரா கேளுங்களேன், எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க. பொறாமைதான் சார். வயிறு எரியுது. எதிர்க்கடைக்காரன் மேல பொறாமைன்னா நாலு பேருகிட்ட சொல்லிப் புலம்பலாம், அவங்களும் சேர்ந்து அவனை ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, மனசு ஆறிடும். அண்ணன் தம்பி மேல பொறாமைன்னா ஊரே உக்காந்து கதை கேக்கும். பொண்டாட்டி மேல பொறாமைன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது? எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவகிட்டதான் சொல்லுவேன். இதை மட்டும் அவகிட்ட சொல்ல முடியாது. அதனாலதான் யாருன்னே தெரியாத உங்களை டயர் மேல உக்கார வெச்சுக் கொட்டிக்கிட்டு இருக்கேன்.

என்ன வித்தியாசம்னா, சொல்றேன். ரகசியம் ஒண்ணும் இல்ல. நான் டேப்பை இழுத்து ஒட்டுவேன். பின்பக்கப் பேப்பரை உரிச்சு, ஒரு முனையை அமுக்கி, அந்தப் பக்கம் போய் நல்லா விறைப்பா இழுத்துப் பிடிச்சு, டக்குன்னு வெச்சுத் தேய்ச்சா கோடு கிழிச்ச மாதிரி நேரா இருக்கும். பார்க்கறவன் அசந்துடுவான். நம்பர் ஸ்டிக்கர் ஒட்டின காலத்துலேர்ந்து கைக்கு அதுதான் பழக்கம். ஆனா இழுத்த டேப்பு சும்மா இருக்காது. வெயில்லயும் குளிர்லயும் கிடந்து பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். முனை தூக்கும். ரெண்டு தகரம் சேர்ற இடத்துல பிடி விடும். ஒரு தடவை தண்ணி உள்ள போச்சுன்னா அவ்வளவுதான். அவ இழுக்கவே மாட்டா. வெச்சுக்கிட்டே போவா, கட்டை விரலால அமுக்கிக்கிட்டே போவா, தகரம் சேர்ற இடம் வந்தா வெட்டி விட்டுட்டு அடுத்த தகரத்துல புதுசா ஆரம்பிப்பா.

யாரும் சொல்லிக்கொடுக்கலை. அவ முன்னாடி வீட்டுல துணி தைச்சுக்கிட்டு இருந்தா. இழுத்துப் பிடிச்சுத் தைச்ச துணி துவைச்சதும் சுருட்டிக்கும்னு அவளுக்குக் கையில ஊறிப்போயிருக்கு. முதல் நாளே கேட்டா, எதுக்குங்க இவ்வளவு இழுக்கறீங்கன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது தையல் மெஷின் இல்ல, வாயை மூடிக்கிட்டு முனையைப் பிடின்னேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்ல.

அப்பத் தெரிஞ்சும் ஏன் இழுக்கறேனா? நல்லாக் கேட்டீங்க. இழுக்காம ஒட்டிப் பார்த்தேன் சார், அவ இல்லாத நேரமாப் பார்த்து. கோடு பாம்பு மாதிரி நெளிஞ்சு போச்சு. அதை உரிச்சுச் சுருட்டிக் குப்பையில அமுக்கி மேல பழைய துணியைப் போட்டு மறைச்சேன். கை கேக்க மாட்டேங்குது. கண்ணுக்கு நேரா இருக்கணும்னு கை தானா இழுக்குது.

அது போகட்டும், நீங்க ஒண்ணு சொல்லுங்க. திடீர்னு உங்க கம்பெனிக்கு எதுக்கு இவ்வளவு டேப் அக்கறை? இத்தனை நாள் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் ஓடி வர்றதுதானே வழக்கம்.

ம். விபத்தா? எப்ப? சாயங்காலமா, மழையிலயா?

எங்களுக்குத் தெரியும் சார், நீளமான வண்டி ரோட்டைக் குறுக்க திரும்பறப்ப அதுதான் ஆபத்து. முன்னாடி கேபின் போயிடுச்சு, ரோடு காலின்னு எதிர்ல வர்றவன் நினைச்சுடுவான். பின்னால இவ்வளவு நீளம் இன்னும் குறுக்க நகர்ந்துக்கிட்டு இருக்கறது இருட்டுல தெரியாது. ஹெட்லைட் பட்டு அந்த மஞ்சள் பட்டை மின்னினாத்தான் தெரியும். அதுக்குத்தானே இந்தப் பிழைப்பே.

எந்தப் பக்கம்?

சரி. கேக்கலைன்னே வெச்சுக்கோங்க. எதிர்ல வர்றவனுக்கு இடது பக்கம்தான் தெரியும், எனக்கே தெரியும். காருல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? பிரேக் போட்டானா. மட்கார்டுல உரசி நின்னுச்சா. குழந்தைக்கா? நெத்தியிலயா? தையல் போட்டாங்களா? இப்ப நல்லா இருக்குல்ல சார்? நல்லா இருக்குன்னு நீங்க நேர்ல பார்த்தீங்களா, இல்ல யாரோ சொன்னாங்களா?

நீங்க பார்த்தீங்களா. சரி. ஓடி விளையாடுதா. சரி சார்.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கம்ப்ரெஸர் நின்னுடுச்சு. இனிமே நாம பேசறது அந்தப் பக்கம் கேக்கும். இருங்க, அவ ரோலைத் தேடறா. பேப்பர் உரிக்கற சத்தம் கேக்குதா, ஆரம்பிச்சுட்டா. ஒட்ட ஆரம்பிச்சா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டா. ஆனாலும் மெதுவாவே பேசுவோம்.

இது என்ன போட்டோ? இது புது ட்ரெய்லர் ஆச்சே, இந்த வருஷம் ஒட்டினது. ஆமா, இதோட இடது பக்கம் நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் ஒட்டின எல்லா வண்டியும் இப்படித்தானா? ரெண்டு பக்கமும் உரியலையா? அதைப் பார்த்துட்டுத்தான் நேர்ல வந்தீங்களா.

அதாவது, நான் திருந்திட்டேன்னு நினைக்கறீங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா வந்துடுங்க, ரெண்டு பேருக்கும் வேலை, ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம். அதைத்தானே சொல்ல வர்றீங்க? நல்ல மனசு சார் உங்களுக்கு. நான் சரின்னு சொன்னா இப்பவே கையைக் குலுக்கிட்டுப் போயிடுவீங்க. அக்கா வீட்டுக்காரர் மறுபடியும் ஸ்டிக்கர் ஆயிடலாம். உங்க யார்டுல என் பழைய பேரு தெரிஞ்சவன்கூட யாரும் இருக்க மாட்டான், நானே சொல்லிக்கலாம்.

அந்த இடது பக்கத்தை இன்னும் பெருசாக்குங்க. இன்னும். ரெண்டு தகரம் சேர்ற இடத்துக்கு வாங்க. டேப்புல முடி மாதிரி ஒரு கோடு போகுதா? பிளேடால வெட்டினது. அடுத்த இணைப்புலயும் இருக்கும் பாருங்க. ஒவ்வொரு இணைப்புலயும் இருக்கும். நான் ஒட்டினா ஒரே இழுப்புல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகும், நடுவுல வெட்டறது எனக்குக் கேவலம். அதை வெட்டினது நான் இல்ல.

என் பக்கம் முடிஞ்சதும் நான் கையைக் கழுவிட்டு எதிர்ல டீக்கடைக்குப் போயிடுவேன். ஒரு நாள் போன பாதியில கண்ணாடியை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். அவ இந்தப் பக்கம் உக்காந்திருக்கா, நான் ஒட்டின இடது பக்கத்துல. முட்டி போட்டு, பிளேடை வெச்சு, ஒவ்வொரு இணைப்பா வெட்டி விட்டு, இழுத்து ஒட்டின முனையை மெதுவாக் கிளப்பி, தளர விட்டு, மறுபடி வெச்சு, கட்டை விரலால தேய்க்கறா. ஒட்டின உடனே எடுத்தாத்தான் டேப் கெடாம வரும், பசை இறுகினா வராது. அதனாலதான் நான் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடறா. வெட்டின துணுக்கைக் கீழகூடப் போடலை சார், இடது கையில பொத்தி வெச்சிருந்தா.

என் நிழல் விழுந்ததும் எழுந்துட்டா. கத்தரியை எங்க வெச்சேன்னு தேடறேன்னா. கத்தரி அவ இடுப்புலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ம்னு சொல்லிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

டீக்கடையில போய் உக்காந்தேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, பாவம்னோ பாசம்னோ எனக்குத் தோணலை. வெறும் எரிச்சல்தான். ஜெயிச்சவ ஜெயிச்சுட்டுப் போகட்டும், நாலு பேரு பாராட்டட்டும், நான் ஒரு மூலையில உக்காந்து பல்லைக் கடிச்சுக்கறேன். ஆனா ஜெயிக்கறதையும் ஜெயிச்சுட்டு, அது வெளியில தெரியாம இருக்கட்டும்னு என் பக்கத்தையும் சரி பண்ணி, இவரும் நல்லாத்தான் ஒட்டறாருன்னு நாலு பேரு சொல்லட்டும்னு நினைக்கறா பாருங்க. அதை எப்படிச் சார் பொறுத்துக்கறது? அதுல மட்டும் அவளை ஜெயிக்க எனக்கு வழியே இல்ல.

போய் நாலு வார்த்தை கேட்டுடணும்னு அன்னைக்குக் கிளம்பினேன். கேக்கலை. மறுநாளும் கேக்கலை. இப்பல்லாம் என் பக்கம் முடிஞ்சதும் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டுப் போறேன், டீ குடிக்கப் போறேன்னு. போனா சீக்கிரம் வர்றது இல்ல. டீ குடிச்சாச்சுன்னா பேப்பர் படிக்கறேன், பேப்பர் முடிஞ்சா கடைக்காரன்கிட்ட வம்பு பேசறேன். அவசர அவசரமா வெட்டினா பிளேடு கையில பட்டுடும்ல.

இப்பப் போய் நீங்க அவளைக் கேட்டீங்கன்னா மாட்டேன்னுதான் சொல்லுவா. பொண்ணு படிப்பைச் சொல்லுவா, தூரத்தைச் சொல்லுவா, வீட்டுல ஆள் இல்லைம்பா. ஒண்ணையும் நம்பாதீங்க. அவ இங்கேர்ந்து போயிட்டா என் இடது பக்கம் உரியும். அது ஊருக்கெல்லாம் தெரியும். அதுக்காகத்தான் இந்தத் தகரத்துக் கூரைக்குக் கீழ வெயில்ல கிடக்கறா. உங்க யார்டு வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கும் பிடிக்கும். ஆனா என்னைக் கூப்பிடாதீங்க, அங்கயும் ஒரு இடது பக்கம் இருக்கும். எனக்கு நம்பர் எழுதற வேலை இருக்கு, பெயின்ட்டை யாரும் இழுத்து ஒட்ட முடியாது.

நான் சொன்னா அவ எடுத்துக்க மாட்டா, வயித்தெரிச்சல்ல விரட்டறேன்னு நினைப்பா. பாதி அது உண்மைதானே. நீங்க சொல்லுங்க. அந்த வெட்டெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்மா, ரொம்ப நாளாவே தெரியும்னு சொல்லுங்க. அது போதும். அழுதா நீங்க கொஞ்ச நேரம் ட்ரெய்லரைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க.

முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற அந்த இழுவைக் கம்பியில இடிச்சுக்காம முன்பக்கமாச் சுத்திப் போங்க சார். நான் டீக்கடைக்குப் போறேன். வர நேரமாகும்.